கிட்டங்கியில் உடைக்காத பலூன்

என் செல்ல அண்ணாவுக்கு,

உங்கள் ‘கிட்டங்கி’க்கு இன்றைக்கும் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. நீங்கள் வேலைசெய்த கொம்யூனிக்கேசன் கடைக்குப் போய்த்தான் பார்த்தேன். பிரேசிலில் யாரோ ஒருவர் தன்னுடைய மேளச் சத்தத்தை உங்கள் ‘கிட்டங்கி’க்குள் விட்டுக் கேட்டாராம், உடம்பு சிலிர்த்ததாம். அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று கேட்கிறார். அவருக்கு நான் என்ன எழுத?

உங்களைத் தெரியாதவர்களும் வாசிக்கட்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லவேண்டியிருக்கிறது. சிரிக்காதீர்கள்.

எங்கள் ஒழுங்கை ஒரு சின்னத் தெரு. அது முடிகிற இடத்தில், துறைமுக மதிலை ஒட்டி, ஒரு பழைய கிட்டங்கி இருக்கிறது. முன்பு வெங்காய மூட்டை அடுக்கியது. சண்டை திரும்பத் தொடங்கியபின் வெறுமையாகக் கிடக்கிறது. உள்ளே நின்று கைதட்டினால் சத்தம் தகரக் கூரைவரை போய், ஆறுதலாகத் திரும்பி வரும். அந்த எதிரொலியைப் பதிந்து, அதை வைத்து ஒரு சின்ன மென்பொருள் எழுதினீர்கள். கணினியில் இசை செய்கிற எவரும் தங்கள் பாட்டை அதற்குள் விட்டால், எங்கள் கிட்டங்கிக்குள் நின்று வாசித்ததுபோல் கேட்கும். பெயரும் ‘கிட்டங்கி’ என்றே வைத்து, இணையத்தில் சும்மா கொடுத்தீர்கள்.

“இந்தா கிடக்கிற கந்தளாயைத் தாண்ட எனக்கு ஆமியின்ரை பாஸ் இல்லை. எங்கடை கிட்டங்கி உலகம் சுத்துது, பாத்தியோ?” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்.

எதிரொலியைப் பதிவதற்குச் சட்டென்று ஒரு பெரிய சத்தம் வேண்டும், அதற்குப் பலூன் உடைக்க வேண்டும். ஊர் இருந்த இருப்பில் அது என்ன சின்ன விசயமா? அதனால் உடைப்பதற்கு முன் வீடு வீடாகப் போவீர்கள். “பலூன்தான், பயப்படாதையுங்கோ.” சந்திக் காவலரணுக்கும் ஊதிய பலூனோடு போய், உடைந்த சிங்களத்தில் விளக்குவீர்கள். ஆமிக்காரர் சிரித்தார்கள். ஒழுங்கையும் பழகிவிட்டது. டமார் என்றால், “அது எங்கடை பெடியன்ரை பலூன்” என்று அவரவர் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

முதல் பதிவில் எதிரொலி அடங்குவதற்குள் ஆமி ட்ரக் ஒன்று இரைந்துகொண்டு போனது. அந்த இடத்தோடு வெட்டிவிட்டீர்கள். ஏன் சத்தம் பாதியில் மொட்டையாக நிற்கிறது என்று எல்லா நாட்டுக்காரரும் கேட்டார்கள். “இஞ்சை ஒண்டையும் முழுசா முடிய விடமாட்டினம் எண்டு எழுதட்டோ?” என்று என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். பிறகு, புதிதாகப் பதிந்து போடுகிறேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தீர்கள்.

அதற்காகத்தான் அன்றைக்கு வீடு வீடாகச் சொல்லிவிட்டு, பலூன் வாங்கக் கடைக்குப் போனீர்கள்.

சத்தம் கேட்டது. அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. “வெள்ளனவே உடைச்சுப்போட்டான்” என்றா. நான் தலைகூட நிமிர்த்தவில்லை. ஒழுங்கையில் ஒரு கதவும் திறக்கவில்லை. பாண் விற்கிறவர் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கத்திய பிறகுதான் ஓடிவந்தோம். ஒழுங்கை முகப்பில் கிடந்தீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் யார், ஏன் உங்களைச் சுட்டார்கள், ஒன்றும் தெரியாது. பார்த்தவர் இல்லை.

எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்தீர்கள், அண்ணா? கூப்பிட்டீர்களா? ஆஸ்பத்திரி டொக்டர் எங்கள் மாமாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். மாமா எங்களிடம் சொல்கிறார் இல்லை.

துப்பாக்கி வெடி என்று தெரிந்திருந்தால் மட்டும் வந்திருப்பீர்களோ என்று நீங்கள் கேட்கலாம். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. அம்மா வந்திருப்பா.

பக்கத்து வீட்டுப் பாத்திமா அக்கா இன்னமும் தினம் வருகிறா. “பலூன் எண்டுதான் புள்ள நினச்சன். யன்னலக் கூடச் சாத்தல்ல” என்பா. அதையே திரும்பச் சொல்லிவிட்டு, கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவா. எனக்கு அவமீது கோபமில்லை. கோபமாவது வந்தால் தேவலை. விடிந்தால் எழும்பவேண்டுமே என்றுதான் இருக்கிறது.

இங்கே ஒன்றும் மாறவில்லை. சண்டை நடக்கிறது. அம்மா மட்டும் மாறிவிட்டா. எந்தச் சத்தத்துக்கும் ஓடுகிறா. போன கிழமை சந்தியில் லொறி டயர் வெடித்தது. செருப்பும் இல்லாமல், கையில் அகப்பையோடு ஒழுங்கை முகப்பில் போய் நின்றா. கூட்டிவர எனக்குப் பெரும் பாடாகிவிட்டது. “அவன் இல்லையோ?” என்று என்னைக் கேட்டா.

ஆஸ்பத்திரியில் உங்கள் சட்டையோடு அந்தப் பலூன் பைக்கற்றையும் தந்தார்கள். உடைக்கவேயில்லை. உங்கள் மேசையில்தான் இருக்கிறது. மென்பொருளில் நீங்கள் செய்யவேண்டியதையெல்லாம் செய்து முடித்திருக்கிறீர்கள். புதிய எதிரொலி ஒன்றைப் பதிந்து உள்ளே வைத்தால் போதும். நீங்கள் செய்யும்போது பார்த்திருக்கிறேன், எனக்கும் ஏலும். ஆனால் இந்த ஒழுங்கையில் இனிப் பலூன் உடைக்கிறதா? உடைத்து என்ன வரப்போகிறது? நீங்கள் கேட்கப்போகிறீர்களா?

இருந்தாலும் நீங்கள் கொடுத்த வாக்கு. அதை நான் முடிக்கிறேன், அண்ணா. பயப்படாதையுங்கோ என்று ஒருவருக்கும் சொல்லமாட்டேன். “சத்தம் கேட்டா வெளியாலை வாங்கோ. பலூன் எண்டாலும் வாங்கோ” என்று வீடு வீடாகச் சொல்வேன். பாத்திமா அக்காவிடம் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

அம்மா வருவா. எத்தனை தரம் சொல்லி வைத்தாலும், பலூன் உடைந்த உடனே வெறுங்காலோடு கிட்டங்கிக்குள் ஓடிவருவா. அந்தக் காலடியும் பதிவில் விழும். எந்த நாட்டில் எவர் எந்தப் பாட்டை அதற்குள் விட்டாலும், கடைசியில் அம்மா உங்களைத் தேடி ஓடிவருகிற சத்தம் கேட்கும்.

அதை நான் வெட்டமாட்டேன்.

வீட்டில் மிஞ்சியிருக்கிற உங்கள் தங்கச்சி,
வதனி