மூன்று விரல் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை, மழை

ரெண்டும் பிழைத்துக்கொண்டன. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

என் மகள் திவ்யாவின் பிறந்தநாளுக்கு சனிக்கிழமை வாங்கிய குட்டி ஆமைகள். மூன்று நாளாக ஒரு இலையைக்கூடத் தொடவில்லை. "நீ சும்மா சும்மா தூக்கினா அது எப்படிடி சாப்பிடும்?" என்று அவளைத்தான் திட்டிக்கொண்டே இருந்தேன்.

இன்று பாயான் பாரு பிராணிகள் கிளினிக்கில் டாக்டர் ஒன்றைத் தூக்கிக் காலைக் காட்டினார். "யானைக் கால் மாதிரி இருக்கு பாருங்க அக்கா. இது தரையில நடக்கிற ஜாதி லா, நீந்தத் தெரியாது. யாரு தண்ணியில போட்டது?"

நான்தான். எப்படி வளர்ப்பதென்று கேட்க வளர்ப்பு மீன் கடைக்குப் போன் போட்டு, "குரா-குரா வாங்கியிருக்கோம்" என்று மலாயில் சொன்னதும் நான்தான். தண்ணீரில் வாழ்கிற ஆமைக்கும் அந்த மொழியில் அதே பேர்தான். நமக்கும் எல்லாமே ஆமைதானே! கடைக்காரன் கண்ணாடித் தொட்டியில் இரண்டு விரல் தண்ணீர் என்றான். நான் தாராளமாக மூன்று விரல் ஊற்றினேன்.

சாயங்காலம் தொட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, துணி ஊறவைக்கும் பெரிய பேசினை எடுத்தேன். கண்ணாடி என்றால் வழி இருக்கிறதென்று முட்டிக்கொண்டே இருக்குமாம். அடியில் ஈரத் தேங்காய் நார்த்தூள், ஒரு பக்கம் சூட்டுக்கு பல்ப், மறுபக்கம் ஒளிந்துகொள்ள உடைந்த பூச்சட்டி. பத்தே நிமிஷத்தில் சின்னது செம்பருத்தி இலையைக் கடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஸாரிடா செல்லம்" என்றேன் அதனிடம்.

பக்கத்தில் குந்தியிருந்த திவ்யா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப எனக்கு?"