நாயனத்தில் கவ்விய ட்யூனர்

அன்புள்ள கோமளவல்லிக்கு,

இங்கே மலேசியாவில் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

போன ஞாயிறு கோயில் வேலை முடிந்து, சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனேன். பயப்பட ஒன்றுமில்லை, சின்ன அவமானம்தான். வாசல் வெயிலில் நின்று சுருதி சேர்த்துவிட்டு, ஏர்கோன் மண்டபத்துக்குள் போய் ஊதினால், கூட வாசிக்க வந்த லோஷினி என்ற பெண்ணின் கீபோர்டோடு சேரவேயில்லை. பெண் வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். கீபோர்டுதான் தப்பு என்று நான் சாதித்தேன்.

லோஷினி சண்டை போடவில்லை. சுருதி சரியா என்று ஊசியால் காட்டும் தீப்பெட்டி அளவு ட்யூனர் ஒன்றை நாயனத்தில் கவ்வவிட்டு, "ஊதுங்க அண்ணே" என்றாள். ஊசி நடுவுக்கு வராமல் இடப்பக்கமே நின்றது.

"குளிர்ல நாயனம் இறங்கிருச்சு லா. மெஷினுக்கு நீங்க யாருன்னு தெரியாது, கோவிச்சுக்காதீங்க."

வாய் வைத்து ஊதும் சீவாளியைச் சற்று உள்ளே தள்ளினேன். ஊசி நடுவில் நின்று பச்சை எரிந்தது. இருபது வருடம் பழக்கிய என் காது ஏமாந்த இடத்தில் அது ஏமாறவில்லை, கோமளா. கமகம் போட்டால் மட்டும் திணறுகிறது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அந்த ட்யூனரை லோஷினி எனக்கே கொடுத்துவிட்டாள்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் தவில்கார அண்ணனிடம் நான்கு சீவாளியும் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பு.

சத்தமே இல்லாவிட்டால் ட்யூனர் ஐந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். என் அறையில் அடிக்கடி அணைகிறது. உன் வாய்ஸ் மெசேஜைப் போட்டுப் பக்கத்தில் வைத்தால் ஊசி ஆடுகிறது. ஆனால் அது பதினொரு நொடிதான்.

கோயிலில் சாயரட்சை பூஜைக்கு மணி அடிக்கிறார்கள், ஓட வேண்டும். இனிமேல் கொஞ்சம் நீளமாகப் பேசி அனுப்பு.

உன்
சௌந்தரராசன்