நலம் என்று எழுதிய மரம்

இன்று காலை புறவாசல் மாமரத்தின் தூரில் காளான் பிடித்திருந்தது. குடைக்காளான் இல்லை வே. நீர் பார்த்ததும் முகம் சுளிப்பீரே, அந்தப் பலகைக் காளான். மேலே காய்ந்த ரத்தத்தின் நிறம், விளிம்பில் வெள்ளை, உள்ளங்கை அகலம். நேற்றைய சாரலில் நனைந்து, ஊறிப்போன கட்டையின் வாசனையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. மருமகள் குனிந்து பார்த்து, "மாமா, இங்கன பாருங்க, பூ மாதிரி எம்புட்டு அழகா இருக்கு" என்றாள். "தொடாதே!" என்று கத்திவிட்டேன். பாவம், ஒரு காளானைப் பார்த்து நடுங்குகிற கிழவனை அவள் எங்கே கண்டாள்? முகம் சுண்டி உள்ளே போய்விட்டாள்.

நான் போய் உம்முடைய கொட்டாப்புளியை எடுத்து வந்தேன். ஆமாம், அந்த மரச்சுத்தியல் என்னிடம்தான் இருக்கிறது. பிடியில் உம் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அப்படியே இருக்கிறது. என் விரல் அதில் இன்றுவரை சரியாக உட்காரவில்லை. மரத்தை நாலு பக்கமும் தட்டி, பட்டையில் காதை வைத்துக் கேட்டேன். வடக்கே கணீரென்றது. தெற்கே பொத்தென்றது. கையைக் கழுவிவிட்டு உமக்கு எழுத உட்கார்ந்தேன்.

கடிதத்தின் தலையில் எல்லோரும் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவார்கள். நான் எழுதுவதில்லை. பம்பாயிலிருக்கும் மகள்கூட, "நலமா இருக்கேன்னு ஒரு வார்த்தை எழுத மாட்டீங்களாப்பா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். 'இருக்கிறேன்' என்று மட்டும் எழுதிப் போடுவேன். காரணம் அவளுக்குத் தெரியாது. உமக்கும் தெரியாது.

பண்பொழிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், மலையடிவாரத்தில் அந்தத் தோட்டம். செங்கோட்டை மலையாளச் சீமையை விட்டு நம் பக்கம் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். முதலாளி மதுரையில். நான் மேனேஜர் என்று பெயர், நீர் காவல்காரர் என்று பெயர். வயது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு மரத்துக்கும் தாரால் எண் போட்டவன் நான். எண்ணைப் பார்க்காமலே அதன் சேதி சொல்கிறவர் நீர். "பதினெட்டுக்குக் கோவம் வந்திருக்கு வே" என்பீர். போய்ப் பார்த்தால் பலாவின் பட்டை வெடித்துப் பிசின் வடிந்துகொண்டிருக்கும். மரங்கொத்தி ஒரே கிளையை மூன்று நாள் விடாமல் கொத்தினால் உள்ளே புழு என்பீர். இருவாச்சி ஜோடி ஓடையைத் தாண்டிப் பறந்தால் மேலே அத்தி பழுத்துவிட்டது என்பீர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது உமக்கு. பேச ஆள் இல்லையென்றால் மரத்தோடு பேசிக்கொண்டிருப்பீர்.

வைகாசியில், சாரல் இறங்குமுன், எல்லா மரத்தையும் தட்டிப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும் என்பது நம் இருவர் ஏற்பாடு. முதல் வருஷம் நான் பெரிய படிப்பாளி மாதிரி பக்கம் பக்கமாக எழுதினேன். நீர் எட்டிப் பார்த்துச் சிரித்தீர். "இம்புட்டும் எதுக்கு வே? மூணு வார்த்தை போதும். நலம், நோவு, வெட்டு." அதற்கப்புறம் நம் நோட்டில் அந்த மூன்று சொல்தான். அந்தச் சொற்களை நம்பித்தான் எந்த மரத்தடியில் ஆட்களை உட்காரவிடலாம், எதை வெட்டலாம் என்று முடிவு செய்தோம்.

பிறகு ஒரு வைகாசியில், ஆய்க்குடியில் உம் தங்கை மகளுக்குக் கல்யாணம். பன்னிரண்டு மரம் மிச்சமிருக்கும்போது நாலு நாள் லீவு கேட்டீர். புறப்படும்போது கொட்டாப்புளியை என் கையில் திணித்து, "நாப்பத்தொண்ணை மறந்துராதீரும் வே. மலையணில் கூட்டை மாத்திட்டு. அது சும்மா மாத்தாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர். நாற்பத்தொன்று, ஓடைக்கரையில் நின்ற பெரிய மாமரம். மூன்று பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும்.

நீர் போன மறுநாளே சாரல் பிடித்துக்கொண்டது. ஓடைக்கரை முழுக்க அட்டை. எனக்கு அட்டையென்றால் ஆகாது; அதைச் சொல்லிச் சொல்லியே ஊரைச் சிரிக்கவைத்தவர் நீர். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாளைக் கடத்தினேன். நாலாம் நாள் நோட்டை வாங்கிப் பார்க்க முதலாளியின் ஆள் வருவதாகத் தகவல் வந்தது. தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக நாற்பத்தொன்றைப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று நின்றது. பன்னிரண்டு மரத்துக்கும் பன்னிரண்டு தடவை ஒரே சொல்லை எழுதினேன். நலம். கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

நீர் கல்யாண வீட்டு முறுக்கோடு வந்தீர். முதல் கேள்வியே, "நாப்பத்தொண்ணு எப்படி வே இருக்கு?" நான் நோட்டைத் தள்ளினேன். எழுத்துக் கூட்டிப் படித்தீர்: "ந... ல... ம். என்னவே, கடுதாசி எழுதுத மாதிரில்லா எழுதியிருக்கீரு!" இருவரும் சிரித்தோம். வாரும், எதுக்கும் இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிடுவோம் என்று அப்போது சொல்லியிருக்கலாம். இன்னொரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

ஆனி மாதம். ஜாதிக்காய் பொறுக்க ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முப்பத்தெட்டாம் மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். நீர் ஓடிவந்தீர். "ஏட்டி, அங்கன உக்காராதீங்க! முப்பத்தெட்டு நோவு. நாப்பத்தொண்ணுக்கு வாங்க. அது நலம்னு அண்ணாச்சி எழுதியிருக்காரு."

இது என் காதில் விழுந்தது. கொட்டகை வாசலில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். ஆறு பெண்களுக்கு முன்னால், நான் எழுதியது பொய் என்று எப்படிச் சொல்வது? மேனேஜர் அல்லவா நான், கௌரவம் என்ன ஆவது? இத்தனை நாள் நின்ற மரம் இன்று ஒரு வேளைச் சோற்றுக்குள்ளாகவா விழப்போகிறது என்று எனக்கு நானே சொல்லி வாயை மூடிக்கொண்டேன். வே, அதைவிட அந்தத் திறந்த வாயில் ஒரு பிடி மண்ணைப் போட்டிருக்கலாம்.

அப்போது காற்றே இல்லை. முதலில் தரைக்குள்ளே ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம். அது என்னவென்று உமக்குத்தான் தெரிந்தது. "எந்திரிங்கட்டி! ஓடுங்க!" ஐந்து பேர் எழுந்து ஓடிவிட்டார்கள். ஆறாவது பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், எழ முடியாமல் தடுமாறினாள். நீர் உள்ளே போய் அவளைப் பிடித்துத் தள்ளினீர். அவள் வெளியே வந்து விழுந்தாள். அதற்குள் மரம் சாய்ந்துவிட்டது.

கிளைக்கடியில் உம் மார்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் மண்டியிட்டேன். நல்ல நினைவோடுதான் இருந்தீர்.

"நீர் தட்டிப் பாத்தீராவே?"

"பார்த்தேன்."

"நாலு பக்கமுமா?"

"நாலு பக்கமும்."

மேலே கிடந்த கிளையின் பட்டையைக் கையால் தடவினீர். பிறகு, "அப்போ மரம் நம்மளை ஏமாத்திட்டு வே" என்றீர். கோபமாகச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவன் கைவிட்டால் ஒருவன் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னீர். கிளையை வெட்டி உம்மை எடுத்து, தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனோம். இலஞ்சி தாண்டும்போது உம் கை என் கையில் சில்லிட்டிருந்தது.

மறுநாள் போய் வேரைப் பார்த்தேன். ஓடைப் பக்கம் நான்கு காளான், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. அதற்குக் கீழே வேர் கறுத்து, கையால் பிசைந்தால் உதிர்ந்தது. தட்டிப் பார்த்திருக்கவே வேண்டாம். பத்து எட்டு நடந்து ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் போதும். எல்லோரும் "சாரல் காத்து" என்றார்கள். நானும் தலையாட்டினேன். முதலாளிக்குத் தகவல் எழுத உட்கார்ந்தேன்; கை பழக்கத்தில் முதல் வரியை எழுதிவிட்டது: இங்கு யாவரும் நலம். அடுத்த வரியில் உம் சாவு. இரண்டு வரியையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு அந்தச் சொல்லை நான் எழுதியதில்லை.

உம் வீட்டம்மா கேட்டார்கள். "அண்ணாச்சி, அவுக கடைசியா ஏதாச்சும் சொன்னாகளா?" உங்களைத்தான் கேட்டார் என்றேன். அதுவும் பொய். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று.

இப்போது எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கிறேன். கதவு, தூண், கட்டில் கால், பஸ் ஸ்டாப்பு வேம்பு. ஊரில் கிறுக்கன் என்கிறார்கள், சொல்லட்டும். சாரல் நாட்களில் பட்டப்பகலில் புறவாசலில் சத்தம் கேட்கும். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு. நீர் தட்டுகிற கணக்கு. ஓட்டுத் தண்ணீர் தகரத்தில் சொட்டுகிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "யாரு மாமா?" என்று மருமகள் கேட்பாள். யாருமில்லை என்பேன்.

இன்று, வீட்டு மரங்களுக்கென்று நான் வைத்திருக்கும் நோட்டை எடுத்து, புறவாசல் மாமரத்துக்கு நேரே 'வெட்டு' என்று எழுதிவிட்டேன். இப்பத்தானே காய்க்குது என்று அவள் அழுகிறாள். அழட்டும். அந்த மரத்தடியில்தான் அவள் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள்.

ஆயுசு முழுக்க எந்த மரத்தையும் ஒரு குறை சொல்லாத மனுஷன் நீர். போகிற நேரத்தில் மரத்தைக் குறை சொல்லிவிட்டுப் போனீர். உம் சாவைச் சுமந்துவிட்டேன், இதைச் சுமக்க முடியவில்லை. நாற்பத்தொன்று ஒன்றையும் மறைக்கவில்லை. அணில் கூட்டை மாற்றியது, தூரில் நாலு காளான் பிடித்தது. நீர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

மரம் ஏமாத்தலை வே. நான் தட்டிப் பாக்கலை.