ஐந்தாவது கட்டம்

பிப்ரவரி 3, திங்கள்

ஒரு வழியாக இன்று முடிவாகிவிட்டது. குழந்தையின் எடையைப் பார்த்து மருந்தின் அளவைச் சொல்லும் மென்பொருள் எங்களுடையது. வாங்கியிருப்பவை ஐந்து மருத்துவமனைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிளையாக, அதாவது தனிப் பிரதியாக, அதை வளர்ப்பதா, எல்லோரும் ஒரே கிளையில் அன்றன்றைய வேலையைச் சேர்ப்பதா? மூன்று வாரமாக இதே சண்டை.

மச்சினன் ஒரே கிளைக் கட்சி. வீட்டில் என்னை “மாமா” என்பான், ஆபீசில் “சார்”. மானேஜர் முன்னால் போர்டில் படம் போட்டு, “அஞ்சு கிளைன்னா ஒரே தப்பை அஞ்சு தடவை திருத்தணும் சார். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா யாருக்கும் தெரியாது” என்றான். சரியான பேச்சுதான். ஆனால் நான் வேலையில் சேர்த்துவிட்ட பயல், எனக்கே பாடம் எடுக்கிறான்! “வந்துட்டாருய்யா ஒத்தைக்கிளை” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஐந்து கிளைதான் என்று நான் முடித்துவைத்தேன்.

எதுவும் விட்டுப்போகாமலிருக்கச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம். கிளையில் சேர்த்ததும் கட்டத்தில் டிக். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒத்தைக்கிளை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறான். திரியட்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

இரண்டாவது மருத்துவமனையில் ஒரு நர்ஸ் கண்டுபிடித்துச் சொன்ன தப்பு: எடையை அடிக்காமல் விட்டால், முந்தைய நோயாளியின் எடையை எடுத்துக்கொண்டு மென்பொருள் கணக்குப் போடுகிறது. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மச்சினன் ஒரு மணி நேரத்தில் திருத்திவிட்டான். அதைக் கிளை கிளையாகக் கொண்டுபோவதற்குள்தான் நாக்குத் தள்ளிவிட்டது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாக வளர்ந்து நிற்கிறது. நான்கு முடிந்தது. ஐந்தாவது மருத்துவமனையில் நாளைக்குப் பெரிய தலைகள் முன் டெமோ. “அதைத் தொடாத. திங்கக்கிழமை நானே பாத்துக்கறேன்” என்றேன்.

“மறந்துடாதீங்க மாமா” என்றான். ஆபீசில் அவன் மாமா என்றது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 24, திங்கள்

மானேஜர் அட்டவணை முன்னால் நின்றுகொண்டு, “அந்தக் கட்டம் ஒண்ணு மட்டும் ஏன் காலியாப் பல்லைக் காட்டுது?” என்றார். “முடிஞ்ச மாதிரிதான் சார்” என்று சொல்லி டிக் போட்டேன். மத்தியானம் செய்துவிடலாம் என்று இருந்தேன். மத்தியானம் சர்வர் படுத்துக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டியே பொழுது போய்விட்டது.

மகளுக்கு ஷூ வாங்க வேண்டும். பழையது கடிக்கிறதாம்.

மார்ச் 13, வியாழன்

ஐந்தாவது மருத்துவமனையிலிருந்து போன். மூன்று வயதுப் பெண் குழந்தை, பன்னிரண்டு கிலோ. யாரோ எடையை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். முந்தைய பையனின் முப்பத்தொரு கிலோவை எடுத்துக்கொண்டு மருந்து சொல்லியிருக்கிறது. ஆறு நாள் அந்த அளவிலேயே ஊசி.

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். ஐந்தாவது கட்டத்தில் டிக்.

ஐயோ. நான் போட்டது. நான்தான் போட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

குழந்தை பிழைத்துவிட்டது. மருந்தின் அளவு மீறியதில் காது இனிக் கேட்காதாம்.

மார்ச் 17, திங்கள்

எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து மானேஜர் கேட்டார்: “செய்யாத வேலைக்கு டிக் போட்டது யாரு?” திருத்தங்களைக் கொண்டுபோவது மச்சினன் வேலை. எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. கம்ப்யூட்டரில் என்றால் யார் எதை எந்த நிமிடம் மாற்றினார்கள் என்று இருக்கும். சுவர்க் காகிதத்தில் நீல மைதான் இருக்கிறது. அது யார் பேனா என்று சொல்லாது.

அவன் என்னைப் பார்த்தான். நான் மேஜையைப் பார்த்தேன். “அஞ்சாவது கிளைக்கு நான் கொண்டுபோகலை சார்” என்றான். என் பேரை இழுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு எனக்கு? ஏன்டா பேசலை? ஏன்?

மார்ச் 18, செவ்வாய்

“என் தம்பிக்காக ஒரு வார்த்தை பேசினீங்களா?” என்று கேட்டாள் மனைவி. “பேசினேன்” என்றேன்.

மார்ச் 24, திங்கள்

இனி ஒரே கிளை என்று மேலிடத்து உத்தரவு. டீமுக்கு விளக்குகிற வேலை என் தலையில். பிப்ரவரியில் மச்சினன் போட்ட அதே படத்தைப் போர்டில் போட்டேன். கை தட்டினார்கள். “இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே” என்றார் மானேஜர். கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மார்ச் 27, வியாழன்

மச்சினன் தங்கியிருக்கும் வாடகை அறைக்குப் போனேன். இருக்கிற ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

“டிக் போட்டது நான்தான்னு ஏன்டா சொல்லலை?” என்றேன்.

“சொன்னா அக்கா குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். நான் தனிக்கட்டை, எப்படியோ பொழைச்சுக்குவேன்.” கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். “ஆனா அடுத்த வாரம் ஆஸ்பத்திரி விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க மாமா. அதுலயும் என் பேர் ஏறிடுச்சுன்னா இந்தத் தொழில்ல எவனும் என்னை வாசல்ல சேர்க்க மாட்டான்.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. டீ வேணுமா என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். பிப்ரவரி 24. எழுத்தில் இருக்கிற சாட்சி இது ஒன்றுதான். கிழித்துவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது. பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கூடப் பார்த்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

தனித்தாளில் எழுதுகிறேன். நோட்டை விசாரணை அறையில் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கமும் குறையாமல். “நாட்குறிப்பு – ஒன்று” என்று ரசீது தந்தார்கள். எனக்கு வேலை போய்விட்டது. வழக்கும் வருமாம்.

காலையில் கிளம்பும் முன் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். மார்ச் 18 வந்ததும் மூடி என் கையில் வைத்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி அறைக்குப் போய்விட்டாள். மத்தியானம் அவன்தான் போன் செய்தான். “என் பேரை எடுத்துட்டாங்க. அக்கா சாப்பிட்டுட்டா” என்றான். மாமா என்று கூப்பிடவில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது அந்த மூன்று வயதுக் குழந்தை வராந்தாவில் இருந்தாள். தரையில் உட்கார்ந்து காகித டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லி ஆள் வந்தது. அவள் அம்மா கூப்பிட வாயைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். எழுந்து போய்க் குழந்தையின் தோளைத் தொட்டாள்.