இந்த வருடம் உன் பால்கிளாஸ் என் அடுப்பில்

என் பிலோவுக்கு, கான்வென்ட் பெஞ்சில் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்து என் பென்சிலையெல்லாம் கடித்து வைத்தவளுக்கு,

கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. அன்றைக்கு உன் வீட்டில் நடந்ததை நான்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும். உன் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் சொன்னால் என்னைக் கேலி செய்துதான் சொல்வார். நீயும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு சிரிப்பாய்.

நீ ஆடி மாதம் எங்களை விட்டுப் போனாய். அதற்குப் பிறகு அந்தோணி அண்ணன் யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. பேசாமல் இருந்தார் என்று சொல்ல மாட்டேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மரியாதையாகத்தான் பேசினார். "நல்லா இருக்கேம்மா, சாப்ட்டேம்மா, நீ போய் ரெஸ்ட் எடும்மா" என்பார். நான் கொண்டுபோகும் குழம்பையும் பொரியலையும் கேட்டிலேயே வாங்கிக்கொள்வார். மறுநாள் பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். உள்ளே போனது அவர் வயிற்றுக்கா, தெரு நாய்க்கா என்று எனக்குத் தெரியாது. ஆள் இளைத்துக்கொண்டே போனதைப் பார்த்தால் நாய்க்குத்தான் என்று தோன்றியது.

நம் செவிலிமேட்டுத் தெருவில் எல்லாம் புது வீடுகள். காலையில் பூட்டிக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவர்கள். ஒரு மனிதர் கேட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருப்பதைப் பார்க்க அடுத்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

டிசம்பர் பிறந்ததும் உன் பிள்ளை வின்சென்ட் சென்னையிலிருந்து எனக்குப் போன் செய்தான். ஸ்டார் கட்டக் கூடாது, கேக் கூடாது, நீயும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வராதே என்று அப்பா சொல்லிவிட்டாராம். "ஆன்ட்டி, அவர் தனியா உக்காந்துக்கினு இருக்கறத நெனச்சாலே பயமா இருக்குது" என்றான். சாவு நடந்த வீட்டில் முதல் வருடம் பண்டிகை கிடையாது. அதில் உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெற்ற பிள்ளையை வராதே என்பது எந்த ஊர் வழக்கம்?

வழக்கம் என்று வந்தால் எனக்கு அது முழுதாகத் தெரியும். அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, சரி. வேண்டியவர்கள் தங்கள் வீட்டில் செய்து எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டும் என்பதும் அதே வழக்கம்தான். கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பதும் அதில் சேர்ந்ததுதான். என் வீட்டுக்காரர் இறந்த வருடத்துத் தீபாவளிக்கு நீ அதிரசம் சுட்டுக் கொண்டுவந்தாய். பாகு பதம் தப்பி ஒவ்வொன்றும் ஓடு மாதிரி இருந்தது. "கையெல்லாம் சுட்டுக்கினு செஞ்சிருக்கேன், மரியாதையா தின்னுடீ" என்றாய். தின்றேன். அவர் போன பிறகு எனக்குப் பசி என்று ஒன்று வந்தது அன்றைக்குத்தான்.

ஆகவே உன் வீட்டுக் கிறிஸ்துமஸ் இந்த வருடம் என் அடுப்பில் என்று முடிவு செய்தேன். எதைச் செய்வது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கேக் என்றால் கேட்டில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அச்சு முறுக்கு என்றாலும் அப்படித்தான். உன் பால்கிளாஸை அப்படி வாங்கிக்கொள்ள முடியாது.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், இந்தக் கடிதம் வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களுக்கும் தெரியட்டும். கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் வீட்டில் பாயசத்துக்குப் பதிலாக வருவது அது. உன் அம்மா முட்டை அடித்து, ரம் சேர்த்துச் செய்வார்கள். நான் முட்டை தொடமாட்டேன் என்பதற்காக நீ முட்டையை விட்டுவிட்டு, பாலைச் சுண்டக் காய்ச்சி, முந்திரி விழுது சேர்த்து, பட்டையும் ஜாதிக்காயும் போட்டாய். எனக்கு ஒரு கிளாஸ் முதலில் மொண்டு கொடுத்துவிட்டுத்தான் மீதியில் ரம் சேரும். ஜில்லென்று, மேலே அடித்த பாலேடு மிதக்க, கண்ணாடிக் கிளாஸில் வரும். உட்கார்ந்து, ஸ்பூனால் கொஞ்சம் வாயால் கொஞ்சமாகச் சாப்பிட்டால்தான் உண்டு. ஏடு கீழே இறங்குவதற்குள் அண்ணன் என்னை உள்ளே விட்டாக வேண்டும்.

ரம் எவ்வளவு என்பது மட்டும் எனக்குத் தெரியாது. என் கிளாஸை வாங்கியதும் நான் ஹாலுக்கு வந்துவிடுவேன். அது ஊற்றப்படுவதை நின்று பார்ப்பதில்லை என்பது என் கொள்கை. அண்ணனையே கேட்டிருக்கலாமே என்பாய். உங்களுக்குக் கொண்டுவரப் போகிறேன், அளவு சொல்லுங்கள் என்று துக்க வீட்டு வாசலில் போய் நிற்பதா? அதற்கு வேறு ஆளைப் பார்.

என் பிள்ளை சரவணனிடம் ஒரு பாட்டில் ரம் வாங்கி வரச் சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறிவிட்டது. "யம்மா, பட்டுக்கடை வச்சிக்கினு இருக்கேன். யாராவது பாத்தா எனக்குன்னு நெனைப்பாங்கமா." அப்படியானால் நானும் வருகிறேன், எனக்கு என்று சொல் என்றேன். சொன்னபடியே டாஸ்மாக் கடை வாசலில் கார் ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். முன்பு எங்கள் பட்டுக்கடைக்கு நெய்துகொடுத்த ஏகாம்பரம் அங்கே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூட்டத்துக்குள் மறையப் பார்த்தார். சேலையை வெளிச்சத்தில் விரித்துக் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவள் என்ற பயம் அவருக்கு இன்னும் போகவில்லை.

"உன்ன வேவு பாக்க வரலப்பா. நானும் வாங்கத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் சரவணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உடம்புக்கு எதனா முடியலையாம்மா?" என்று குரலை இறக்கிக் கேட்டார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கிறிஸ்துமஸுக்கு."

சரவணன் முதல் வேலையாகக் கார் ஜன்னலை ஏற்றிவிட்டான்.

மருமகள் கவிதாவுக்கு வேறு கவலை. சாமி மாடம் இருக்கிற சமையல்கட்டில் பாட்டில் வேண்டாம், பின்னால் வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவள் சொன்னது தப்பில்லை. ஆனால் ஒளித்து வைத்தால் அது ஒளிக்க வேண்டிய பொருளாகிவிடும். பால் அடுப்பில் காயட்டும், ரம் சாப்பாட்டு மேஜையில் சேரட்டும் என்று சொல்லி, பாட்டிலை மேஜை நடுவில் வைத்தேன். பாவம், அன்று முழுவதும் அவள் அதைச் சுற்றிக்கொண்டே நடந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பாலைக் காய்ச்சினேன். அடி பிடிக்காமல் கிளறி, சந்தன நிறத்துக்கு வந்த பிறகு இறக்கினேன். அதுவரை எனக்குக் கவலை இல்லை, அந்த ருசி என் நாக்கில் இருக்கிறது. ரம்மை நான் வாயில் வைக்க மாட்டேன். ஆனால் ருசி பார்க்காமல் சமைப்பது எனக்குப் புதிதா? நைவேத்தியத்துக்குச் செய்வதை யாராவது வாயில் போட்டுப் பார்ப்பார்களா? சர்க்கரைப் பொங்கலில் வெல்லம் போதுமா, ஏலக்காய் போதுமா என்பதெல்லாம் மேலே எழும்பும் ஆவியிலேயே தெரிந்துவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மூக்கு ஒரு தரமும் என்னைக் கைவிட்டதில்லை. அதையே இதற்கும் நம்பினேன். பால் ஆறியதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குனிந்து மோந்து பார்த்து, உன் சமையல்கட்டிலிருந்து ஹாலுக்கு வருமே அந்த வாசனை, அது வந்ததும் நிறுத்தினேன். மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

காலையில் திறந்து மோந்து பார்த்தால் வாசனையே இல்லை. கவிதாவைக் கூப்பிட்டேன். "பால்கோவா வாசனதான் அத்தை வருது" என்றாள். இன்னும் ஊற்றினேன். போதவில்லை. மறுபடி ஊற்றினேன். "அத்தை, போதும் அத்தை" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. சமையலில் எனக்கு யாரும் போதும் என்று சொல்லிப் பழக்கமில்லை.

அண்ணன் சர்ச்சில் காலைப் பூசைக்குப் போய்வந்து கேட்டைச் சாத்திக்கொண்டார். மதியம் நான் நல்ல பட்டாக எடுத்து உடுத்திக்கொண்டேன். பண்டிகையைக் கொண்டுபோகிறவள் அப்படித்தான் போக வேண்டும். சிஸ்டர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்தபடி தட்டில் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி விரித்து, அவருக்கு ஒன்றும் ரம் சேர்க்காமல் எனக்கு ஒன்றுமாக இரண்டு கிளாஸ் வைத்து எடுத்துப்போனேன்.

"அண்ணா, கேட்ட தொறங்க."

"குடும்மா, வாங்கிக்கறேன்."

"கைல வாங்கிக்கினு போற பொருள் இல்ல இது. தொறங்க."

கிளாஸைப் பார்த்தார். என்னவென்று புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "இது இந்த வருஷம் வேணாம்மா" என்றார்.

"உங்க வீட்ல செய்யக் கூடாது. நான் செய்யலாம். நான் கொண்டாந்தா நீங்க வேணாம்னு சொல்லக் கூடாது. வழக்கம்னா முழுசா வச்சிக்கணும். பாதிய மட்டும் எடுத்துக்கினா எப்படி?"

நான் அங்கேயே நின்றேன். கிளாஸில் ஏடு கீழே இறங்க ஆரம்பித்தது. நான் சொல்லவில்லை, ஆனாலும் அவர் பார்த்துவிட்டார். தாழ்ப்பாளை விலக்கினார்.

ஹாலில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. உன் நாற்காலியில் உன் சால்வை மடித்து வைத்திருந்தது. நான் வேறு ஒன்றில் உட்கார்ந்தேன். அவர் கிளாஸைக் கையில் எடுத்தார். பிறகு ஒரே மடக்காகப் பாதியைக் குடித்தார்.

பிலோ, அவர் விழி பிதுங்கிவிட்டது. இருமினார். மேஜையைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருமினார். நான் பயந்துபோய் எழுந்துவிட்டேன். மூச்சு திரும்பியதும், "சகுந்தலா, இது குடிக்கறதுக்காம்மா, இல்ல புண்ணு மேல ஊத்தறதுக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அது எதனால் வந்த தண்ணீர் என்று நான் ஆராயப் போகவில்லை.

காலையில் வாசனை போய்விட்டது, அதனால் இன்னும் ஊற்றினேன் என்று சொன்னேன். "ஜில்லுனு ஆயிட்டா வாசன வராதும்மா. மொதல்ல ஊத்தனதே போதும்" என்றார். நைவேத்தியம் எல்லாம் சுடச்சுட இறக்குவது. இத்தனை வருடச் சமையலில் இது என் புத்திக்கு எட்டவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் புதுச் செய்தி. "பிலோவக் கேட்டிருந்தாலும் அவளுக்கு அளவு தெரியாது. வருஷா வருஷம் ஊத்தனது நானு. அவ கண்ண மூடிக்கினு நிப்பா. போதும்னு சொன்ன அப்புறம்தான் தொறப்பா."

நான் ஹாலுக்கு வந்துவிடுவேன், நீ கண்ணை மூடிக்கொள்வாய். நம் இரண்டு பேரையும் அந்தப் பள்ளிக்கூடம் என்னதான் செய்து அனுப்பியது? இதை ஏன் நீ ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை?

என் வீட்டில் இன்னும் ஒரு பாத்திரம் நிறைய அது இருக்கிறது, கொட்டுவதற்கு எனக்கு மனசு வராது என்றேன். பால் இன்னும் சேர்த்தால் சரியாகிவிடும், எடுத்து வரச் சொல் என்று அண்ணன் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். டீக்கு வாங்கி வைத்திருந்த பால் பாக்கெட்டுகளைக் கத்தரித்தார். நான் பின்னாலேயே போய், இந்த வீட்டில் இன்றைக்குப் பண்டிகைச் சமையல் கூடாது என்றேன்.

"எண்ணெச் சட்டிதான் கூடாது. பாலுக்கு என்னாவாம்?" என்றார்.

வழக்கத்தை என்னிடமே திருப்பிச் சொல்கிறார். அடுப்பைப் பற்ற வைத்தார்.

பால் சுண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். அவர் நின்று கிளறினார், நான் ஸ்டூலில் உட்கார்ந்து குறை சொன்னேன். அடி பிடிக்கிறது என்பேன், பிடிக்கவில்லை என்பார். கவிதா பாத்திரத்தோடு வந்தாள், சாதமும் ரசமும் எடுத்து வந்தாள். அவர் தட்டை அடுப்பு மேடையில் வைத்து, இடது கையால் கிளறிக்கொண்டே என் கண் எதிரிலேயே சாப்பிட்டார். இரண்டாம் முறை ரசம் கேட்டார். பேசியதெல்லாம் உன்னைப் பற்றித்தான். இதுவரை அவரிடம் உன் பெயரை எடுக்கவே எல்லோரும் பயந்தோம், நானும்தான். அவர் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி பேசினார்.

பால் பாதியாகச் சுண்டியபோது, வின்சென்ட்டுக்குப் போன் போட்டுக் கொடு என்றார். போட்டுக் கொடுத்தேன். "டேய், நியூ இயருக்குப் பசங்கள கூட்டிக்கினு வா. பால்கிளாஸ் இருக்குது" என்றார். அந்தப் பக்கம் அவன் என்ன கேட்டானோ, "சகுந்தலாதான் செஞ்சிச்சு. நான் உக்காந்து ரிப்பேர் பண்ணிக்கினு இருக்கேன்" என்றார்.

புத்தாண்டுக்கு வந்தார்கள். உன் பேரன் உன் ஹால் மேஜைக்கு அடியில்தான் முழு நாளும் விளையாடினான். புதிதாக ஒரு பாத்திரம் நான் காய்ச்சினேன், பிள்ளைகளுக்கும் எனக்கும் முதலில் மொண்டு வைத்த பிறகு அண்ணன் ரம் ஊற்றினார். நான் சமையல்கட்டிலேயே நின்று, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கேட் இன்னும் பாதி நாள் சாத்தித்தான் இருக்கிறது. சில நாள் நான் கூப்பிட்டாலும் உள்ளேயிருந்து பதில் வர நேரமாகிறது. இப்போது நான் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. தாழ்ப்பாளை நானே விலக்கிக்கொண்டு உள்ளே போகிறேன், தட்டில் போட்டு எதிரில் உட்காருகிறேன், அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எழுந்திருக்கிறேன். அவருக்கு இது பிடிக்கவில்லை. நீ இருக்கும்போதும் நான் சொன்னது எதுவும் அவருக்குப் பிடித்ததில்லை.

பிலோ, ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் நடமாடும் வரைக்கும் அந்த மனிதர் ஒரு வேளையும் பசியோடு படுக்க மாட்டார். கேட்டில் நின்று "சாப்ட்டேம்மா" என்று சொன்னால் நம்பவும் மாட்டேன். அண்ணன் என்று கூப்பிட்டுவிட்ட பிறகு அதிகாரம் செய்ய எனக்கு அவர் அனுமதி வேண்டாம். உன்னுடையதும் வேண்டாம்.

உன்னிடத்திலும் குறை காண முழு உரிமையுள்ள உன் நாத்தனார்,
சகுந்தலா