நார்வேயில் நீ தோண்டாத எண்ணெய்க் கிணறு

மேலப்பாளையம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஹனீனுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் உம்மா, எண்ணெய்க் கடை மூன்றும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை. அந்தக் குளிரில் உன் சுகத்துக்கு துஆச் செய்கிறோம். போனில் உன் உம்மா குறுக்கே பேசுவாள், அதனால்தான் கடிதம்.

உனக்குப் பார்த்திருந்த பேட்டை மாப்பிள்ளை அம்மாரின் சம்பந்தம் ஆட்டம் கண்டுவிட்டது, பாதித் தப்பு என்னுடையது. பெண்ணுக்கு என்ன வேலை என்று அவன் வாப்பா கேட்டார். கடல்மேல் மெல்லிசாக எண்ணெய் படர்ந்தால் தண்ணீருக்குள் சத்தம் எப்படி மாறுகிறது என்று ஆராய்கிறாள் என்றேன். மனிதர் இருபத்திரண்டு வருஷம் குவைத்தில் இருந்தவர், கடல், எண்ணெய், நார்வே என்று கேட்டதுமே பெட்ரோல் கம்பெனி என்று முடிவு கட்டிவிட்டார். மறுநாளே பேட்டை முழுக்க நீ நடுக்கடலில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தாய். வாங்க வந்தவரே சரக்கை உசத்திப் பேசினால் எந்த வியாபாரி மறுப்பான், நானும் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. நிக்காஹுக்கு நாள் குறிக்க வந்தபோதுதான் மனசு கேட்காமல் உடைத்துச் சொன்னேன். கம்பெனி இல்லை, உதவித்தொகைதான், தண்ணீருக்குள் மைக்கைத் தொங்கவிட்டுக் கேட்கிறாள், முடிய இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்றேன். சின்ன அலை உடையும்போது உள்ளே போகும் குமிழிதான் சத்தம் போடுகிறது, எண்ணெய் அலையை அடக்கினால் குமிழி குறையும் என்று நீ சொன்னதையும் ஒப்பித்தேன். அதற்கு அவர், "எண்ணெய் விட்டா சத்தம் கொறையும்னு கண்டுபிடிக்க நார்வே வரைக்கும் போவணுமா பாய், எங்க வீட்டுக் கதவு கிரீச்சுனா நானே விடுதேன்லா" என்றார். படிப்பை விட்டுவிட்டு வந்தால் பேசலாம் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

உன் உம்மா உன்னை உடனே வரச்சொல்லி எழுதச் சொல்கிறாள். நான் எழுத மாட்டேன். பாதி ஆட்டிய எள்ளைச் செக்கிலிருந்து நான் அள்ளியதே இல்லை.

ஆனால் நேற்று அம்மார் தனியாகக் கடைக்கு வந்தான். வேண்டாத அரை லிட்டர் நல்லெண்ணெயை வாங்கினான். பிறகு, "மாமா, காத்து நின்னாலும் கடல் அடங்கும்லா, சத்தம் கொறஞ்சது எண்ணெயாலயா காத்தாலயான்னு அவுங்க எப்படிப் பிரிச்சுப் பாக்காங்க?" என்று கேட்டான். அவன் வாப்பாவுக்குக்கூடத் தோன்றாத கேள்வி. உன்னிடமே கேட்கிறேன் என்று அவன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

வெளியே போகும்போது காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொள், உன் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல நசீபும் தருவானாக. அம்மாரின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், பதிலை அவனிடமே சொல். பிடிக்காவிட்டால் எனக்கு எழுது, நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் வாப்பா,
முகம்மது சுல்தான்