ஷுவே கடல் தாண்டியது

12 பிப்ரவரி 1965, கும்மிடிப்பூண்டி முகாம்

இன்றும் ஷுவே வாய் வைக்கவில்லை. பால் வைத்தேன், மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கருவாட்டைக் காலால் தள்ளிவிட்டது. கப்பலில்கூடக் கொஞ்சம் தின்றதே!

பர்மாவிலிருந்து எங்களை அனுப்பிவிட்ட அந்தக் கப்பலை நினைத்தால் இன்னும் மலைப்பாக இருக்கிறது. தங்கம் எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று ரங்கூன் துறைமுகத்தில் வளையலையும் தோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கூடையிலிருந்து பூனையின் மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. பெயர் என்ன என்றார் அங்கிருந்த பர்மாக்கார அதிகாரி. ஷுவே என்றேன். அவர் மொழியில் தங்கம்! சிரித்துவிட்டார். அதன் தலையைத் தடவி, போ என்று கைகாட்டினார். சென்னையில் இறங்கியதும் எங்களையெல்லாம் எந்த நாடு என்று கேட்டு, ஊசி போட்டார்கள். பூனையை மட்டும் எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மாடி! அத்தனை பெரிய கடலை இந்தச் சின்ன உயிர் தாண்டியிருக்கிறது.

"மனுசனுக்கே வழியில்ல. பூனை எதுக்கு செண்பகம்?" என்று அன்றைக்கே சொன்னார் என் வீட்டுக்காரர். நான்தான் கேட்கவில்லை.

13 பிப்ரவரி

விலா எலும்பு தெரிகிறது. ஐயோ, இது செத்துப்போச்சுன்னா? என் கையாலதானே கூடையில வச்சுத் தூக்கிட்டு வந்தேன்!

15 பிப்ரவரி

புரிந்துவிட்டது! பிறந்ததிலிருந்து ஙப்பிச் சோறு தின்ற பூனை இது. கூனி இறாலை உப்பிட்டு, வெயிலில் போட்டு, இடித்துப் புளிக்கவைத்த ஙப்பி இல்லாமல் பர்மாவில் எந்த வீட்டில் சோறு உண்டு? கொண்டுவந்த கொஞ்சமும் கப்பலிலேயே தீர்ந்துபோனது. என் மரமண்டைக்கு இப்போதுதான் உறைக்கிறது.

பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் குப்பாயியிடம் ஓடினேன். "நாறிப்போன கூனி இருந்தா குடுங்கக்கா" என்றேன். அவ்வளவுதான்!

"இன்னாமே சொன்ன? எங்கூடைல நாறுன மீனா? காத்தால வலைல வந்த மீனுமே! கண்ணு இன்னா பொட்டையா?"

முகாமே கூடிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷுவேயைத் தூக்கிவந்து காட்டினேன். அவள் குரல் அடங்கியது. விலாவைத் தடவிப் பார்த்தாள்.

"நாய் ஆளப் பாத்துக்கினு கெடக்கும், பூன ஊட்டப் பாத்துக்கினு கெடக்கும். பாவம், இதுக்கு ஊடு எதுன்னே தெர்ல. அழாத. நாளைக்கி நல்ல கூனியாவே எட்த்தாறேன். நாற வைக்கிறத நீயே பண்ணிக்கோ."

18 பிப்ரவரி

தண்ணீர் மட்டும் நக்குகிறது. கூனி காய்கிறது. வெயிலே, கொஞ்சம் சீக்கிரம்!

23 பிப்ரவரி

நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம்! ரோட்டோரம் இட்லி விற்கும் எல்லம்மா கம்போடு வந்துவிட்டாள். "ஒரே பேஜாராக்கீது. எங்கமே பெருச்சாளி செத்துக் கெடக்குது?" என்று மூலை மூலையாகத் தேடினாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஆனால் பிறகு நடந்ததை எப்படி எழுதுவேன்! கூப்பிடாமலேயே ரங்கூன்காரர்கள் தட்டோடு வந்து நின்றார்கள், வாசனை பிடித்து, ஒவ்வொருவராக. எதிர் வீட்டு அரசப்பன், கப்பலில் ஏறியதிலிருந்து வாய் திறக்காத மனிதர், "ஒரு விரல் அளவு குடும்மா" என்று கை நீட்டினார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

ஷுவே? பிசைந்து வைத்த சோற்றில் முகத்தைப் புதைத்தது. தின்னுது! கடவுளே, தின்னுது!

9 ஜூன்

குட்டி போட்டிருக்கிறது! எந்தத் தெருக் கடுவனோ!

8 ஆகஸ்ட்

குப்பாயியின் வீட்டில் எலி வலையைக் கடிக்கிறதாம். கருப்புக் குட்டியைக் கொடுக்க நானும் என் வீட்டுக்காரரும் பழவேற்காடு போனோம். ஏரி எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வாயைப் பிளந்து நின்றேன்.

குட்டிக்காக ஙப்பி கொண்டுபோயிருந்தேன். மோந்துவிட்டுத் தும்மியது. குப்பாயி போட்ட பச்சை மடவை மீனை உறுமிக்கொண்டே தின்றது. "இது எங்கூரு புள்ளமே!" என்று அவளுக்கு ஒரே பெருமை.

பொழுது சாய்ந்து திரும்பினோம். கிளம்பும்போது கதவை நான் சரியாகச் சாத்தவில்லை. ஷுவே ஓடிப்போயிருக்கும் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தேன்.

எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரி போல வாசலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. எங்களை யாரோ போல ஏற இறங்கப் பார்த்தது. பிறகு மெதுவாக எழுந்து வழிவிட்டது.